பிரம்பிள்டன் வம்சம் விமான் நகரில் உதித்த வரலாறு

ஓர் ஆங்கிலேயக் குடும்பம் வேர்விட்டுத் தழைக்க ஐந்நூறு ஆண்டுகளும் ஒரு மாதா கோவிலும் இரண்டு மூன்று வழக்குகளும் வேண்டும் என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்வார்கள். அது பழைய முறை. 2003ஆம் ஆண்டு, புனே விமான் நகரில், ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், பிரம்பிள்டன் என்ற புராதன ஆங்கிலேயக் குடும்பத்தை நாங்கள் பதினொரு நாட்களில் நிறுவினோம். இடையில் ஒரு ஞாயிறு விடுமுறை வேறு. அதற்கென்றே அமைத்த மரபுக் குழுவின் செயலாளர் என்ற முறையில் அந்த மகத்தான பணியைப் பதிவு செய்வது என் கடமை.

இங்கிலாந்தில் ரிப்பேராகும் வாஷிங் மெஷின்களுக்கான புகார்களை எங்கள் நிறுவனம் புனேயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டது. மதியம் ஒன்றரைக்கு ஷிப்ட் தொடங்கும். பேசுவது இந்தியாவிலிருந்து என்று தெரிந்தால் வாடிக்கையாளரின் மனம் புண்படும் என்பதால், ஒவ்வொருவருக்கும் ஓர் ஆங்கிலப் பெயரும் ஒரு குடும்பப் பெயரும் வழங்கினார்கள். விதி தெளிவானது: "இருக்கும் குடும்பப் பெயர் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் புதியது இடப்படும்." குல்கர்னி கார்ட்டர் ஆனார். ஜாதவ் ஜான்சன் ஆனார். இடைஞ்சல் தமிழர்களாகிய எங்கள் ஏழு பேரால் வந்தது. எங்களிடம் நீக்குவதற்கு எதுவும் இல்லை.

புனேயில் இது பழைய துன்பம்தான். காஸ் சிலிண்டருக்குப் போனாலும் நூலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "ஆட்நாவ் காய்?" குடும்பப் பெயர் என்ன? அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இருக்கிறது என்று சொன்னால், முழுப் பெயரைச் சொல்லக் கூசும் ஏதோ குடும்பம் என்று பரிதாபமாகப் பார்ப்பார்கள். அப்பா பெயரையே ஆட்நாவாகக் கொடுத்தால், அப்பாவின் ஆட்நாவ் ஏன் வேறாக இருக்கிறது என்று விசாரணை தொடங்கும். அலுவலகக் கணினியும் அதே குணம். ஒற்றை எழுத்தை அது விழுங்க மறுத்தது. பயிற்சிக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் மாதிரிக்காக அச்சடித்திருந்த பெயர் பிரம்பிள்டன். பயிற்சி மேலாளர் பக்தவத்சலம் சார் அதை எங்கள் ஏழு பேருக்கும் மொத்தமாக அருளினார்.

விஸ்வேஸ்வரனாகிய நான் கிரகாம் பிரம்பிள்டன் ஆனேன். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கோவிந்தராஜின் மகன் சேஷு, சைமன் பிரம்பிள்டன். தேஹு ரோட்டிலிருந்து வேலைக்கு வரும் ஜெனிபர், டோரதி பிரம்பிள்டன். ஜெனிபர் என்பதே ஆங்கிலப் பெயர்தானே என்று அவள் மனுச் செய்தாள். அது அவளுடைய உண்மையான பெயர் என்ற காரணத்தால் மனு நிராகரிக்கப்பட்டது.

ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு பெரியவர் அழைத்தார். மெஷினில் தண்ணீர் வடியவில்லை. அவர் பெயர் ஆர்தர் பிரம்பிள்டன். திங்கட்கிழமை சைமன் பிரம்பிள்டன் பேசினான். செவ்வாய்க்கிழமை டோரதி பிரம்பிள்டன். புதன்கிழமை நான். பெரியவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இந்தப் பெயரோடு பூமியில் எஞ்சியிருப்பது தான் ஒருவர்தான் என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாராம். வியாழக்கிழமை மெஷினைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை. சேஷுவிடம், "நீங்கள் எந்தக் கிளை, சைமன்?" என்று கேட்டார்.

"தெரியாது" என்ற சொல் எங்கள் கையேட்டில் தடை செய்யப்பட்டிருந்தது. அதோடு சேஷுவின் தகுதிகாண் காலம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதே தேதியில் அவன் அப்பா ஓய்வு பெறுகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கட்கியில் பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டுக்காரர், பையனின் வேலை நிரந்தரம் என்ற கடிதத்தைக் காட்டினால்தான் சாவி என்று சொல்லிவிட்டார். ஆகவே சேஷு, "பெரியப்பா வழி, சார்" என்றான்.

அந்த அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்ட பக்தவத்சலம் சார் கோபப்படவில்லை. ஏழு பேரும் ஏழு பெரியப்பாக்களைச் சொல்லிவிடுவோமே என்றுதான் கவலைப்பட்டார். மறுநாளே 'பிரம்பிள்டன் மரபு ஒருங்கிணைப்புக் குழு' பிறந்தது. கான்டீனின் வடக்கு மூலையில், வடாபாவ் சகிதம், நாள்தோறும் அரை மணி நேரம் கூடியது.

முதல் பொருள்: ஒரே குடும்பம் இரண்டு கிளைகளாக ஏன் பிரிந்தது?

"நிலத் தகராறுன்னு வைங்க சார்" என்றாள் ஜெனிபர்.

"நிலம்னா பத்திரம் கேப்பாங்க" என்றான் சேஷு. "கல்யாணச் சண்டை போடலாம் சார். சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குக் காபி லேட்டா வந்துச்சு. அதுல கோவிச்சுக்கிட்டுப் போனவங்கதான், இன்னிக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

பக்தவத்சலம் சார் கண்ணை மூடி யோசித்தார். "காபி வேணாம். டீன்னு போடு. இங்கிலீஷ்காரங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இப்படியாக, இருநூறு வருடங்களுக்கு முன் மாவு மில் வைத்திருந்த ஹென்றி பிரம்பிள்டன் சொந்தத் தாய்மாமன் மகளைக் கட்டினார். அவர் தம்பி சீர்வரிசையும் போதவில்லை, டீயும் தாமதம் என்று கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். சைமனுக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியதை மட்டும் இறுதிப் பிரதியில் நீக்கினோம். ஒன்பது பக்கம். ஏழு பேரும் மனப்பாடம் செய்து எழுத்துத் தேர்வு எழுதினோம்.

இதன் வெற்றியை வெறும் சொற்களால் விளக்க முடியாது. டீ விவகாரத்தைக் கேட்டதும் பெரியவர், தன் அத்தை அடிக்கடி சொல்வாள், இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றார். இருநூறு வருடத் தாமதத்துக்கு வருந்தி, தன் கிளையின் சார்பில் சேஷுவிடம் மன்னிப்புக் கேட்டார். தாத்தாவின் பாக்கெட் கடிகாரத்தை சைமனுக்கே அனுப்பப்போவதாகச் சொல்லி விலாசம் கேட்டார்.

அன்று டீ இடைவேளையில் சேஷு வடாபாவைத் தொடவில்லை.

"தாத்தா கடியாரம் அண்ணா. அவருக்குன்னு இருக்கறதே அது ஒண்ணுதான்."

மாதம் முடிய நாலே நாள்தான், உத்தரவு கையில் வரட்டும், அதுவரை ஒத்திப்போடு என்று நான் அனுபவஸ்தன் என்ற முறையில் அறிவுரை சொன்னேன்.

"அதுக்குள்ள பார்சல் கட்டிடுவாரு அண்ணா" என்றான்.

மறுநாள் அந்த அழைப்பு வந்தது. பதிவிலிருந்து தருகிறேன். "சார், என் பெயர் சேஷு. அப்பா கோவிந்தராஜ். எங்க வீட்ல யாருக்கும் குடும்பப் பெயரே கிடையாது. நான் இந்தியாவுல, புனேல இருந்து பேசறேன். கடியாரத்தை அனுப்பாதீங்க."

பிறகு பெரியவர், "அப்படியானால் அந்த டீ?"

"அது எங்க சித்தி கல்யாணம் சார். காபி."

அடுத்த நாற்பது விநாடிகள் பதிவில் இருப்பது சிரிப்பு. முடிந்ததும், சித்தி இப்போது பேசுகிறாளா என்று விசாரித்தார். சேஷு தன் வாடகை வீட்டுக் கதையையும் சொன்னான். அன்றே நிறுவனத்துக்கு ஒரு கடிதமும் எழுதினார்: தான் இதுவரை பேசிய ஊழியர்களில் சைமன் பிரம்பிள்டனைப் போல நேர்மையானவர் எவரும் இல்லை, பத்துக்குப் பத்து.

நிர்வாகம் நீதி வழுவாதது. மாதக் கடைசியில் இரண்டு உத்தரவுகள் ஒரே பேனாவால் கையெழுத்தாயின. வாடிக்கையாளர் திருப்தியில் சாதனை படைத்த சைமன் பிரம்பிள்டனின் வேலை நிரந்தரம். பணியிடத்தின் இருப்பிடத்தை வெளியிட்ட கோ. சேஷு உடனடியாக நீக்கம்.

சேஷு முதல் கடிதத்தை மட்டும் கேட்டான். "வீட்டுக்காரர்கிட்ட காட்டிட்டுத் திருப்பிக் கொடுத்துடறேன் சார்."

"எப்படிப்பா குடுக்கறது? அதுல உன் பேர் இல்லையே" என்றார் பக்தவத்சலம் சார், மிகுந்த வருத்தத்தோடு.

நிரந்தரமான பதவியைக் காலியாக விடக்கூடாது. மூப்பின் அடிப்படையில் சைமன் பிரம்பிள்டன் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டாம் நாளே பெரியவர் அழைத்தார். சேஷு எப்படி இருக்கிறான், வீடு கிடைத்ததா என்று கேட்டார்.

"அப்படி ஒருவர் இங்கே வேலை பார்த்ததே இல்லை, சார். நான் சைமன்" என்றேன்.

அவர், "நீ கிரகாம்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பதிவைக் கேட்ட பக்தவத்சலம் சார் என் உச்சரிப்புக்குப் பத்துக்குப் பத்து போட்டார்.