காளை இழுத்தாலும் பிரியாத போர்வை

திருச்சுழியில் மச்சினன் மகள் கல்யாணம். அதற்குத் தன் சபாரி சூட்டைத்தான் போடுவது என்று காசிராஜன் முடிவெடுத்துவிட்டார். அருப்புக்கோட்டை ஊரே எதிர்த்து நின்றாலும் சரி, பெண்டாட்டி சண்முகவடிவு எதிர்த்து நின்றாலும் சரி. இரண்டாவதுதான் கஷ்டம்.

கிளிப்பச்சை சபாரி. எண்பதாம் வருஷம் தைத்தது. இத்தனை வருஷத்தில் சூட் அப்படியேதான் இருந்தது, அவர்தான் வளர்ந்துவிட்டார். போன தடவை பாலவனத்தம் விருந்தில் அதன் பொத்தான் தெறித்துச் சம்பந்தியின் பாயசத்தில் விழுந்தது.

"போட்டுக்கோங்க. நான் எதுக்குத் தடுக்கப் போறேன்?" என்றாள் வடிவு.

அவருக்குத் திக்கென்றது. சண்டைக்கு வராத வடிவை அவர் கண்டதில்லை.

அவள் மடியில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த போர்வை கிடந்தது. சுற்றிலும் ஓரத்துக்குப் பட்டி வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"எதிர்க்கடையில போயி ஊசி வாங்கிட்டு வாரேன்" என்று எழுந்தாள்.

காசிராஜன் ஆடிப்போனார். வீட்டு முன்பக்கத்தில் ஊசி, நூல், பொத்தான் விற்பதுதான் அவர் பிழைப்பு. அவர் பெண்டாட்டி எதிர்க்கடையில் ஊசி வாங்குவதா?

"நம்ம ஊசிக்கு என்ன கேடு?"

"வளையுது. அடுத்த வீட்டுக் கனகலட்சுமி மைனியும் அங்கதான் வாங்குறாக. தெருவே அங்கதான் வாங்குது."

"தெருவேயா?" சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வளையாத ஊசி உங்ககிட்ட இருந்தா, நீங்களே தச்சுக் காட்டுங்க."

ஊசிப் பெட்டியோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் சாக்கு ஊசி. போன இடமெல்லாம் ஓட்டை.

"பட்டி வைக்கச் சொன்னா சல்லடை போடுறீக."

அடுத்து மெல்லிசு ஊசி. மூலையில் ஏதோ கனத்தில் சிக்கிப் பட்டென்று ஒடிந்தது.

"உள்ள என்னத்த வச்சிருக்க?"

"பழசுதான். நல்ல ஊசின்னா கேள்வி கேக்காது."

ரோஷம் வந்துவிட்டது. பருமனும் இல்லாமல் மெல்லிசும் இல்லாமல், சின்னக் கண்ணும் நல்ல கூரும் உள்ள நீள ஊசியாகத் தேடி எடுத்தார். வாழைப்பழத்தில் ஏறுவதுபோல் ஏறியது. நாலு பக்கமும் நெருக்க நெருக்கத் தைத்து முடித்தார்.

அதோடு விட்டாரா? போர்வையைக் கடை வாசலில் தொங்கவிட்டார். "நம்ம கடை ஊசி. காளையைப் பூட்டி இழுத்தாலும் பிரியாது" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். கனகலட்சுமி தடவிப் பார்த்துவிட்டு ஊசி வாங்கினாள். பின்னாலேயே தெருவும் வந்தது.

கல்யாணத்தன்று காலை பீரோவைத் திறந்தார். ஹேங்கர் மட்டும் தனியாக ஆடியது.

"வடிவு, சபாரி எங்க?"

"கடை வாசல்ல தொங்குதுல்ல."

முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கால் நிலத்தில் பாவாமல் ஓடினார். போர்வையின் மூலையைத் தடவினார். ஒரு பொத்தான். இரண்டு. மூன்று. நாலாவது இடத்தில் வெறும் துணி, அதுதான் பாயசத்தோடு போயிற்றே.

கத்தரிக்கோலை எடுத்துப் பட்டியில் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, பிரியுதா?" கனகலட்சுமி படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஊசி வாங்க இன்னும் நாலு பேர்.

கத்தரி முதுகுக்குப் பின்னால் போனது. "இல்லம்மா" என்றார். "பிரியவே பிரியாது."

இஸ்திரி போட்ட வேட்டியோடு வடிவு வந்து நின்றாள்.

"பஸ்ஸு வந்துரும், கட்டிட்டு வாங்க. இதுல பொத்தான் கிடையாது."