மூச்சுக்குக் காய்த்த மிளகாய்

மூச்சு ஐயா ஊதினால் பட்டுப்போன செடியும் காய்க்கும் என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்; யோசிக்க ஊருக்கு ஏது நேரம்? அவர் வீட்டு மாடிப்படி முழுக்க, மடியில் மிளகாய்ச் செடியோடு ஜனம் காத்துக் கிடந்தது. எல்லாம் மண்ணையே பார்க்காத செடிகள். அறைக்குள்ளே, விளக்கு வெளிச்சத்தில், சத்து கரைத்த தண்ணீரில் வேர்விட்டவை. தளதளவென்று வளரும், பூத்துக் குலுங்கும், பிறகு பூவெல்லாம் கொட்டிவிடும்.

அந்தப் படியில் நம் பட்டதாரியும் நின்றாள். குடும்பத்தின் முதல் பட்டம், அதுவும் தாவரவியல். தேர்வில் மகரந்தச் சேர்க்கைக்குப் படம் வரைந்து பாகம் குறித்தவள், இப்போது கைகூப்பியபடி ஐயா எப்போது வருவார் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டது பட்டம் மாட்டியிருந்த ஆணி மட்டும்தான்.

வாடகைக்கு விட வேண்டிய அறையை அண்ணன் அவள் செடிகளுக்குக் கொடுத்திருந்தான். இந்தப் பூவும் காயாகாவிட்டால் அறை போய்விடும். வாடகைப் பலகையை இப்போதே எழுதிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தான்.

ஐயா அறைக்கே எழுந்தருளினார். மூச்சு கலையுமாம், ஓடாமல் கிடந்த மின்விசிறியை இனியும் போடவே கூடாது என்றார். ஒவ்வொரு பூவிலும் ஊதினார். ஊதிய கையோடு ஒரு வெள்ளை இறகால் பூவின் உள்ளே வருடினார். இறகு எதற்கு என்றதற்கு, தூசி தட்ட என்றார். காணிக்கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விரல்கள் மட்டும் எண்ணிக்கொண்டன.

காய் பிடித்தது. ஆனால் சுவரோரம், கை எட்டாத பின்வரிசை மட்டும் மொத்தமாகக் கொட்டியது.

"உன் மனசுல சந்தேகம் இருக்கும்மா," என்றார் ஐயா.

அவளும் மனசைக் குடைந்து தேடினாள். ஒரு துளிச் சந்தேகம் கிடைக்கவில்லை. இருந்திருந்தால் இவரைக் கூப்பிட்டே இருக்கமாட்டாளே! கொட்டிய பூவைப் பெருக்கும்போதுதான் அந்தப் படித்த மண்டையில் உறைத்தது. மூச்சு சுவர்வரை போயிருக்கும். இறகுதான் போகவில்லை.

ஐயா வீட்டில் கூடிய அடுத்த கூட்டத்துக்கு, ஒரே தொட்டியில் வளர்ந்த இரண்டு செடிகளைத் தூக்கிப் போனாள்.

"சக்தி மூச்சுலதானேங்கய்யா?"

"பின்னே?"

"அப்ப இறகை நான் வச்சுக்கறேன். நீங்க இதுக்கு ஊதுங்க."

ஐயா கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் ஐயாவைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் ஊதினார். மற்றதன் பூக்களை அவள் இறகால் வருடினாள். மந்திரத்துக்குப் பதிலாகத் திட்டினாள்: "தண்டச்சோறே, காய்ச்சுத் தொலை." இரண்டு செடிகளும் அங்கேயே, எல்லார் கண்ணெதிரே இருந்தன.

மறுவாரம் ஊதிய செடி பூவெல்லாம் கொட்டி நின்றது. திட்டு வாங்கிய செடியில் குண்டூசித் தலை அளவில் பச்சைப் பிஞ்சுகள். அன்றுதான் ஐயாவுக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது.

வெளியே காற்றும் வண்டும் செய்வதை வீட்டுக்குள் இறகு செய்தது என்று அவள் விளக்கினாள். மின்விசிறி ஓடியிருந்தாலே பாதி காய்த்திருக்கும். அதைத்தான் இவர் போடவே விடவில்லை. தேர்வில் எழுதிய அதே பதில்தான், வந்து சேரத் தாமதம். வாடகைப் பலகையை அண்ணன் தொட்டிக்கு முட்டுக் கொடுத்துவிட்டான்.

கூட்டம் கலைந்தபின், படியில் முதல் ஆளாக எப்போதும் உட்காரும் அக்கா அவளிடம் கைகூப்பி வந்தாள்.

"அந்தத் திட்டை வார்த்தை மாறாம எழுதிக் குடும்மா."

அந்தக் கைகள் சென்ற மாதத்துத் தன் கைகளைப் போலவே இருந்தன.

"கும்பிட்ட கையால எதையும் சோதிச்சுப் பார்க்க முடியாதுக்கா," என்றாள். "முதல்ல கையைப் பிரிங்க."