மாமியார் வீட்டுக்கு ஒரு டூப்

அந்த ஞாயிறு மதியம் மாமியார் சவேரியாவின் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சவேரியா. அவள் மகள் நுன்சியா. மகன் மவுரோ, அவன் மனைவி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். பாதிரியார் தொன் கத்தால்தோ. ஒன்பதாவதாக, பல்வலி என்று தாடையைச் சுற்றித் துண்டு கட்டிய மருமகன் ருஜியேரோ. முதல் எட்டுப் பேரைப் பற்றிச் சந்தேகமில்லை.

அசல் ருஜியேரோ அந்த நேரத்தில் துறைமுகத்தில் சட்டையோடு கடலுக்குள் விழுந்துகொண்டிருந்தார்.

ரோமிலிருந்து சண்டைப் படம் எடுக்க ஒரு கூட்டம் வந்திருந்தது. கதையில் ஒரு குண்டன், ஒரு ஒல்லியன். இருவரையும் வேறு யாரோ என்று நினைத்து ரவுடிகள் துரத்துவார்கள், வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். குண்டனுக்கு டூப் அர்மாந்தோ. அதே தாடி, அதே தொந்தி. ருஜியேரோவுக்கும் அதே தாடி, அதே தொந்தி. அந்த வாரம் காப்பிக் கடையில் அவரை நடிகர் என்று நினைத்து மூன்று பேர் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். நாலாவது காப்பியில் தலை கிறுகிறுத்துவிட்டது. ஒரு நாளாவது நடித்தே தீருவது என்று முடிவு செய்தார்.

"அண்ணே, எனக்கு விழுந்து விழுந்து இடுப்பே போச்சு," என்றான் அர்மாந்தோ. "ஆறு நாளா காய்ஞ்ச ரொட்டி. வீட்டுச் சாப்பாட்டைக் கண்ணுல காட்டுங்க, புண்ணியமாப் போகும்."

"என் கோட்டைப் போட்டுக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போ. பொண்டாட்டி காலையிலேயே சமைக்கப் போயிட்டா. வாயைத் திறக்காதே. யார் என்ன கேட்டாலும் தலையாட்டு. இருபத்திரண்டு வருஷமா நான் அதைத்தான் செய்யறேன்."

இயக்குநர் முதுகைத்தான் பார்த்தார். முதுகு பொருந்தியது. ருஜியேரோ ஏழு முறை கடலில் விழுந்தார். ஒல்லியன் விட்ட ஒன்பது அறையில் எட்டு பொய், ஒன்று நிஜம்.

சாயங்காலம் வலைக் கொட்டகைக்குப் பின்னால் கோட்டை மாற்றிக்கொண்டார்கள்.

"ஏதாவது கேட்டாங்களா?"

"என்னமோ கேட்டாங்க அண்ணே. நான் ஆட்டுக்கறியில கவனமா இருந்தேன். தலையாட்டினேன். எல்லாரும் கை தட்டினாங்க."

ருஜியேரோ கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் வீட்டைப் பார்த்து ஓடினார்.

உலகத்தில் அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு பின்னறை. ரேடியோ, சாய்வு நாற்காலி, கதவுக்கு உள்தாழ்ப்பாள். தன் அம்மா தனியாக இருக்கிறாள், அந்த அறையில் வந்து இருக்கட்டும் என்று நுன்சியா நாலு வருஷமாகக் கேட்டாள். பார்க்கலாம் என்று நாலு வருஷமாகச் சொல்லி அறையைக் காப்பாற்றி வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சாய்வு நாற்காலி கூடத்தில் கிடந்தது.

"வா. பல்வலி எப்படி இருக்கு?" என்றாள் நுன்சியா.

"பரவாயில்லை. நாற்காலி ஏன் இங்கே?"

"அம்மா நாளைக்கு வர்றாங்கல்ல? நீதானே தலையாட்டினே."

"நானா?"

"மூணு தடவை. அம்மா அழுதுட்டாங்க. உன்னைக் கட்டிப் பிடிச்சு முத்தம் கொடுத்தாங்களே, மறந்துட்டியா?"

"பல்வலியில... என்ன கேட்டாங்கன்னே காதுல விழலை, நுன்சியா."

"பல்வலியோட மூணு தட்டு சாப்பிட்டியே! தொன் கத்தால்தோ அற்புதம்னு சிலுவை போட்டுக்கிட்டாரு."

"அது நான் இல்லை!" வாய் தவறிவிட்டது.

"அப்படியா?" நுன்சியா உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "நீ இல்லேன்னா யாரு? என் பக்கத்துல யாரோ ஒரு ஆம்பளையை உட்கார வச்சுட்டு, நீ எங்கே போனே? சொல்லு. நாளைக்கு அம்மா, அண்ணன், பாதிரியார் எல்லாரையும் கூட்டிவச்சு அதையே திரும்பச் சொல்லு."

ருஜியேரோவின் தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் தரையில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"நான்தான்," என்றார்.

"அதானே பார்த்தேன். ஆனா நீ ரொம்ப மாறிட்டே, ருஜியே. வந்ததும் தொப்பியைக் கழற்றினே. அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டே. முதல் தட்டு சாப்பிட்டதும் அதை நீயே கழுவி எடுத்துட்டு வந்தே. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை."

"சரி, சரி."

"தட்டைக் கழுவினியா, அதைப் பார்த்த பிறகுதான் அறையைப் பத்தியே கேட்டேன்."

ருஜியேரோ நிமிர்ந்தார். நுன்சியா சிரிக்கவில்லை. ரேடியோவைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

திங்கட்கிழமை சவேரியா வந்து இறங்கினாள். இரும்புக் கட்டில், இரண்டு அலமாரி, தையல் மிஷின், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு புனிதர், ஐந்து டிரங்குப் பெட்டி. எல்லாவற்றையும் ருஜியேரோவே சுமந்தார். கடைசிப் பெட்டியையும் வைத்துவிட்டு, தனக்கு எங்கேயாவது இடம் இருக்கிறதா என்று பின்னறைத் தரையின் பூப்போட்ட கற்களை எண்ணினார். மொத்தம் தொண்ணூற்றாறு. அவர் உடம்புக்கு நிற்கவே நாலு வேண்டும்.

சாமான்கள் போக மிச்சம் இருந்தது மூன்று.