வீட்டம்மா போட்ட வட்டங்கள்

அன்றைக்கு முற்றத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். படகுக்காரர், அவருடைய வீட்டம்மா, வீட்டம்மாவின் தம்பி, படகை ஏற்றிப்போக வந்த டிரெய்லர்காரர். படகையும் ஓர் ஆளாகச் சேர்த்தால் ஐந்து. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் அதிகம் திட்டு வாங்கியது அதுதான் என்பதால் சேர்ப்பதில் தப்பில்லை.

பழைய ஃபைபர் பாய்மரப் படகு. வாங்கிய நாள் முதல் முட்டுக்கட்டைமேல் குந்தியிருந்தது. படகுக்காரர் ஞாயிறு தவறாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்துப் படகு இளைத்ததே தவிர, பழுது குறையவில்லை. அந்தத் தைரியத்தில்தான் வீட்டம்மா வாக்குக் கொடுத்தாள். வயிற்றில் கட்டி, இந்த மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்ன அன்று, "உங்க படகு முடிஞ்ச மறுநாளே போய்ப் படுத்துக்கிறேன்" என்றாள். அதாவது, ஒருநாளும் இல்லை.

படகுக்காரர் அன்றே சபதம் எடுத்தார். பழுது மொத்தம் முப்பத்தொன்று. பதினேழை முறையாகச் செய்தார்: கெட்டதைச் சுரண்டி, கண்ணாடி நார் வைத்து, ரெசின் பசை தடவி, காயவிட்டுத் தேய்த்தார். மாதமோ ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் பதினாலில் மேலாகப் பட்டி மாவை அப்பி வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டார். அரைமணி மிதந்தால் போதும். பிறகு முழுகித் தொலையட்டும்.

"படகு முடிஞ்சுது. நாளைக்கு ஆஸ்பத்திரி. பையில துணி எடுத்து வை" என்றார்.

வீட்டம்மா கரண்டியோடு வந்தாள்.

"கரண்டி எதுக்குக்கா?" என்றான் தம்பி.

"உங்க மாமா சமையலை ருசி பார்க்கத்தான்."

கரண்டிக் காம்பால் படகைத் தட்டினாள். டங். டங். டங். டொக்.

"இது ஏங்க டொக்குங்குது?"

"படகுன்னா அப்படித்தான். ஒரு இடம் டங்குங்கும், ஒரு இடம் டொக்குங்கும்."

"பதினோரு வருஷமா நீங்க தட்டினதைக் கேட்டுக்கிட்டே சமைச்சவ நான். டொக்குன்னா உள்ளே கெட்டிருக்குன்னு நீங்கதானே சொல்வீங்க?"

சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள். நகர்ந்து தட்டினாள். இன்னொரு வட்டம்.

"அண்ணே, இது மிதக்குமா?" என்றார் டிரெய்லர்காரர்.

"கொஞ்ச நேரம்" என்றார் படகுக்காரர். பொய் சொல்ல வராத மனுஷர்.

"மேலே பூசி மெழுகிட்டா உள்ளே சரியாயிடுமா?" என்று கேட்டாள் வீட்டம்மா.

"அதைத்தானே நான் உன்கிட்ட மூணு வாரமா கேக்கிறேன்!"

சாக்பீஸ் பிடித்த கை நின்றது. டிரெய்லர்காரர் தன் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"பயமா இருக்குங்க" என்றாள் மெதுவாக. "மயக்க ஊசி போட்டு உள்ளே தள்ளிட்டுப் போனப்புறம், நான் அப்படியே எழுந்திரிக்கலைன்னா?"

படகுக்காரருக்கும் மூன்று வாரமாக அதே பயம்தான். இரண்டு பயத்தையும் அவர் ஒருவரே சுமந்தார். கட்டியை எடுத்தாலும் பயம், எடுக்காவிட்டாலும் பயம்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த இடத்தைத் தட்டினாள். "நான் சொன்னது படகு முடிஞ்ச மறுநாள். முடியலையே?"

டிரெய்லர் வெறும் வண்டியாகத் திரும்பியது. தம்பியும் அதிலேயே ஏறிப் போனான். வீட்டம்மா உள்ளே போய்விட்டாள்.

படகுக்காரர் வட்டங்களை எண்ணினார். இருபத்திமூன்று. தான் ஏமாற்றியது பதினாலுதானே என்று ஒவ்வொன்றாகத் தட்டினார். பதினாலு டொக். ஒன்பது சுத்தமான டங். நல்ல இடத்தில் போட்ட வட்டம் ஒன்பது.

ஒன்பதிலும் சாக்பீஸ் கோடு நடுங்கியிருந்தது.

மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. தூங்காமல் செய்தால் பதினாலை முடித்துவிடலாம். ஈரத்துணியால் அந்த ஒன்பதையும் அழித்தார்.

"காபி ஆறுது, வாங்க!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

போனார். காபி இருந்தது, அவள் இல்லை. அவசரமாகக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து எண்ணினார்.

இருபத்தாறு.