தெய்வானை முயலின் ஜெரேனியம்

ஒரு காட்டில், அதுவும் மார்கழி வந்தால் உறைபனி விழுந்து பச்சையெல்லாம் கருகிப்போகிற மலைக்காட்டில், தெய்வானை என்றொரு முயல் இருந்தாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு சிவப்பு ஜெரேனியம் பூச்செடி. காட்டோரத்துப் பங்களாவின் பூந்தொட்டியிலிருந்து அவளே ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு வந்து நட்டது. உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள். திருடி நட்ட குச்சிதான் வேர் விடும் என்பது அந்தக் காட்டின் நம்பிக்கை. உங்கள் வீட்டு மணிபிளாண்ட் மட்டும் எப்படி வந்ததாம்?

ஐப்பசி முடியும் நேரம். காலையில் மூக்கு சில்லிட ஆரம்பித்ததும் தெய்வானை செடியையே சுற்றிச் சுற்றி வந்தாள். செடி வெளியே நின்றால் பனியில் போய்விடும். குச்சி வெட்டி உள்ளே வைக்கலாமென்றால் வளைக்குள் கும்மிருட்டு. "இதுவும் போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு?" என்று அழுதேவிட்டாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, டூரிஸ்ட்டுகள் வீசிய ஐஸ்கிரீம் கப்புகளில் மண் நிரப்பி, குச்சிகளை நட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கரடி மாசிலாமணியின் குகை கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நன்றாக உள்ளே விழும்.

"அண்ணே, பனி முடியற வரைக்கும் இதை உள்ள வெச்சுப் பாத்துக்கோங்க. வேர் விட்டா செடி உங்களுக்கே."

கரடி சந்தேகமாகப் பார்த்தார். "நீயா குடுக்கறியா? குடுத்த குச்சி எங்கம்மா தழைக்கும்?"

அவள் தலை மறைந்ததும் குச்சியைப் பிடுங்கி முதுகு சொறிந்துகொண்டார். அடுத்த குச்சியை வாங்கிக்கொண்ட குரங்கு சுலோச்சனா அவருக்கும் மேலே. குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு கப்பை மட்டும் வைத்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்ததும் தெய்வானைக்கு வந்ததே கோபம்! "இருங்க, உங்க வழிக்கே வர்றேன்" என்று செடியைச் சுற்றி முள்வேலி போட்டாள். யாரோ தொலைத்த, உயிரில்லாத செல்போனை மரத்தில் கட்டி, 'கேமரா பார்க்கிறது. இலையைத் தொட்டால் தொலைந்தாய்' என்று போர்டும் மாட்டினாள். அப்புறம் தினமும் மத்தியானம் வேண்டுமென்றே குறட்டை விட்டாள்.

ஒரே வாரத்தில் செடி மொட்டை. கூத்தைக் கேளுங்கள்: முதுகு சொறிந்த அதே கரடி, திருடிய குச்சிக்குத் தன் போர்வையைப் போர்த்திவிட்டுக் குளிரில் வெடவெடத்தார். சுலோச்சனா வெயில் போகிற இடமெல்லாம் கப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் பெற்ற குட்டியையே மறந்துபோனாள்.

பனி வந்தது. தெய்வானையின் தாய்ச்செடி வெந்த கீரை மாதிரி துவண்டு செத்தது. ஆனால் பங்குனியில் பார்த்தால் காடு முழுக்கச் சிவப்பு! அவள் துள்ளிக்கொண்டு கரடியிடம் ஓடினாள்.

"அண்ணே, ஒரே ஒரு குச்சி குடுங்களேன்."

"குடுத்தா வேர் விடாதேம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வேறு வழி? அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஒன்றைக் கடித்தாள்.

"ஐயையோ, திருடி! திருடி!" மரத்திலிருந்து சுலோச்சனா கத்தினாள். காடே கூடிவிட்டது. அத்தனை பேரும் திருடர்கள்தான். மாட்டியது இவள் ஒருத்தி.

"எங்கே, வாயைத் திற பார்ப்போம்" என்றார் கரடி.

பயத்தில் தெய்வானை குச்சியை மென்று விழுங்கிவிட்டு வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. ஆதாரமில்லாத கேஸ் என்று கூட்டம் கலைந்தது.

அவள் மட்டும் நாக்கைச் சப்புக்கொட்டியபடி நின்றாள். இத்தனை நாள் கட்டிக்காத்தவள், ஒரு இலையைக்கூடத் தின்று பார்த்ததில்லை.

"அடடே, கொத்தமல்லியெல்லாம் இது கிட்டவே நிக்க முடியாது போலிருக்கே!"

சாயங்காலத்துக்குள் காட்டில் ஒரு சிவப்புப் பூ மிஞ்சவில்லை.

நீதி: கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், கேட்டால் தர மாட்டார்கள், திருடினால் விட மாட்டார்கள். ஆகவே, செடி எதுவானாலும் பனிக்காலத்துக்கு முன்பே தின்றுவிடவும்.