ஈர விறகுக்குக் கிடைத்த நாற்காலி

கவிதைப் போட்டிக்கு வந்திருந்தது ஒரே ஒரு பாட்டு. ஜெயிக்கிற கவிஞருக்கு ஒரு நாற்காலிதான் பரிசு. ஆனால் ஒற்றைப் பாட்டு மட்டும் வந்தால் அந்தப் பரிசு கிடையாது என்பது எங்கள் சங்கத்து விதி. தச்சரோ ஓக் மரத்தில் நாற்காலியைச் செய்தே முடித்துவிட்டார்.

செயலாளர் கடோகன் பிரைஸ் அலுத்துப்போய் உட்கார்ந்தார். வெல்ஷ் மொழியில் பாட்டுக் கட்ட இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் ஒரு ஜீவன் மிச்சம் இருக்கிறது. அதன் வாயிலும் மண்ணைப் போடுவதா? புனைபெயரில்தான் எழுத வேண்டும் என்பதால் அந்த 'மலைக்குருவி' யாரென்று தெரியவில்லை. யாராக இருந்தால் என்ன, அவருக்காகப் பிரைஸே இன்னொரு பாட்டை எழுதிச் சேர்த்தார். தோற்கட்டும் என்று வேண்டுமென்றே மட்டமாக எழுதி, 'ஈர விறகு' என்று பெயர் போட்டார். செயலாளர் போட்டியிடக் கூடாது என்பதும் விதிதான். எத்தனை விதியைத்தான் ஒரு மனிதர் பார்ப்பார்?

விழா அன்று நடுவர், பாதிரியார் இலைசா, மேடையில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஜெயிச்சது ஈர விறகு. எங்க இருந்தாலும் எந்திரிச்சு நில்லுங்க."

பிரைஸ் எழுந்தால் குட்டு உடைந்துவிடும். பக்கத்தில் இருந்த சேணம் தைக்கும் டுட்வாலின் விலாவில் இடித்தார்.

"டுட்வால், எந்திரி. நீதான் ஈர விறகு."

"திட்டுறதுக்கு வேற நேரமே கிடைக்கலையாண்ணே?"

"எந்திரிடா. அப்புறம் சொல்றேன்."

டுட்வால் எழுந்தான். எக்காளம் ஊதி, அவனை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வழக்கப்படி அவன் தலைக்கு மேல் வாளைப் பாதி உருவி, "சமாதானம் உண்டா?" என்று கேட்டார் நடுவர். சபை "உண்டு" என்று சொல்ல வேண்டும்.

"எங்க இருக்கு சமாதானம்?" டுட்வாலின் மனைவி மார்கெட் எழுந்தாள். "இந்த மனுசனுக்குக் கையெழுத்தே போட வராது. பாட்டு எழுதினாராம், பாட்டு. எவ எழுதிக் குடுத்தா?"

டுட்வால் பிரைஸைக் கை காட்டினான். "ஐயோ, பிரைஸ் அண்ணன்தான் என்னை எந்திரிக்கச் சொன்னாரு."

இனி மறைக்க என்ன இருக்கிறது? பிரைஸ் காலை இழுத்துக்கொண்டு மேடை ஏறினார். தன் மானம் போனதைவிட, தோற்றுப்போன அந்த உண்மையான கவிஞரை நினைத்துத்தான் அவர் வருந்தினார்.

"ஈர விறகு நான்தான். அது செல்லாது. நாற்காலி மலைக்குருவிக்குத்தான். நம்ம ஊர்ல மிச்சம் இருக்கிற ஒரே கவிஞர் அவர். ஐயா, தயவுசெஞ்சு எந்திரிங்க."

யாரும் எழவில்லை. பின்வரிசைவரை கண்ணால் துழாவினார்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. எந்திரிங்க."

நடுவர் வாளை உறையில் தள்ளிவிட்டு, பிரைஸின் காதருகே குனிந்தார்.

"ஒரு பாட்டுகூட வரலேன்னு கேள்விப்பட்டு, நான்தான்யா அதை எழுதி அனுப்பினேன். நின்னுக்கிட்டு இருக்கிறவன் இன்னும் எப்படி எந்திரிக்கிறது?"