பன்னிரண்டு வயது டோஸ்டர்

டோஸ்டரைத் தலைகீழாகப் பிடித்து மூன்றாவது முறை உலுக்கியபோதும் உள்ளே சிக்கியிருந்த ரொட்டித் துண்டு வெளியே வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது. கருகிய துகள்கள் சமையல் மேடை முழுக்கக் கொட்டின. பாதி, திறந்திருந்த கரண்டி இழுப்பறைக்குள் போயின. கொஞ்சம், உலுக்கிக்கொண்டிருந்த மேற்பார்வையாளரின் சட்டைப் பையிலும் போய்ச் சேர்ந்தன.

"அப்பா, அதுக்கு அடியில ஒரு தட்டு இருக்கு. இழுத்தா வந்துடும். துகளெல்லாம் அதுலதான் விழும்," என்றாள் மகள், போனிலிருந்து தலையை எடுக்காமல்.

"அது சோம்பேறிங்களுக்கு வச்சதும்மா. நான் பண்றது வருஷாந்தர சர்வீஸ்."

அவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பராமரிப்பு மேற்பார்வையாளர். திருப்புளியைக் கையில் பிடித்து இருபது வருடமாகிறது. பிடிப்பவர்களின் பின்னால் நின்று "அப்படி இல்லப்பா" என்று சொல்வதுதான் உத்தியோகம். அந்தக் குறையெல்லாம் தீர, வீட்டில் அவருக்கென்று ஒரு டோஸ்டர் இருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கியது. அக்கம்பக்கத்து டோஸ்டர்கள் இரண்டே வருடத்தில் மூச்சை விட்டபோது, இது மட்டும் பளபளவென்று உழைத்துக்கொண்டிருந்தது. காரணம் தம்முடைய கைராசி என்பார். லிஃப்ட்டில் சொல்வார். பல் டாக்டரின் வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடமும் சொல்வார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன குடியிருப்புச் சங்கச் செயலாளர், ஒரேயடியாக எல்லாருக்கும் சொல்லித் தொலைக்கட்டும் என்று ஒரு கூட்டமே வைத்துவிட்டார். இன்று மாலை ஆறு மணிக்கு. 'பன்னிரண்டு ஆண்டுகள், ஒரே டோஸ்டர்: நேரடி விளக்கம்' என்று அறிவிப்புப் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டாயிற்று. எல்லார் கண்ணெதிரிலும் ரொட்டியைப் போட்டுப் பொன்னிறமாக எடுத்துக் காட்டுவதாக இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

காலையில் மருத்துவமனைக்கு டியூட்டிக்குக் கிளம்பும்போதே மனைவி கெஞ்சினாள். அவள் அங்கே நர்ஸ்.

"ஏங்க, இன்னிக்கு மட்டும் அதுல கை வைக்காதீங்க. கூட்டம் முடியட்டும். நாளைக்கு ஆசை தீர சர்வீஸ் பண்ணிக்குங்க."

கட்டினவளுக்கே தம் புகழ் பொறுக்கவில்லை என்று அவர் மனசுக்குள் வருந்திக்கொண்டார். அவள் தலை தெருமுனை தாண்டியதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

ரொட்டித் துண்டை முள்கரண்டியால் நெம்பினார். துண்டு வந்தது. கூடவே உள்ளேயிருந்த சூட்டுக் கம்பியும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு விசையை அழுத்தினால் அது இறங்கவில்லை.

"எண்ணெய் கேக்குது," என்று முடிவு செய்து, ஒரு கரண்டி சமையல் எண்ணெயை விட்டார். விசை வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆனால் திரும்ப மேலே வரவில்லை. எண்ணெயும் மிச்சத் துகளும் சேர்ந்து உள்ளே களிம்பாகிவிட்டிருந்தன.

போன் அடித்தது. மனைவி.

"அதுல கை வைக்கலையே?"

"சேச்சே! நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார், எண்ணெய்க் கையால் போனைப் பிடித்தபடி.

களிம்பைப் போக்க அடிப்பாகத்தைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் முழுசாக முக்கினார். நுரை பொங்கப் பொங்கத் தேய்த்தார். திரும்ப மூடும்போது, கழற்றிய திருகு ஏழில் நாலுக்குத்தான் இடம் கிடைத்தது.

"மூணு மிச்சம் இருக்கேப்பா?" என்றாள் மகள், போனுக்கு மேலாக ஓரக்கண்ணால் பார்த்து.

"கம்பெனிக்காரன் கூடுதலா போட்டிருக்கான்."

"அம்மாவுக்கு ஒரு போன் போட்டுடவா?"

"எதுக்கு? போய் உன் ஹேர் டிரையரைக் கொண்டா."

அரைமணி நேரம் சூடு காட்டியதில் டோஸ்டர் காய்ந்ததோ இல்லையோ, ஹேர் டிரையர் கருகிய வாடையோடு நின்றுபோயிற்று. மகள் அன்றைக்கு முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா!" என்று அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டு ஜன்னல் திறந்தது.

சர்வீஸ் முடிந்த இயந்திரத்துக்கு ஒரு நாள் ஓய்வு தரவேண்டும் என்பது மேற்பார்வையாளரின் சொந்தச் சட்டம். அதனால் எந்த வருடமும் அவர் அன்றைக்கே பிளக்கைச் சொருகிப் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் மனைவி ரொட்டி போடுவாள், அது ஜம்மென்று எழும்பி வரும். இன்றைக்கு ஓய்வு கொடுக்க ஏது நேரம்? மணி ஐந்தாகிவிட்டது.

சொருகினார். 'டப்' என்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது, ஃப்ரிட்ஜ் அடங்கியது, டோஸ்டரின் இரண்டு வாயிலிருந்தும் புகை வந்தது. "உங்க வீட்லயும் கரண்ட் போச்சா?" என்று எதிர்வீட்டிலிருந்து யாரோ கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் கூப்பிட்டார். "சார், நாற்காலி பத்தல. பக்கத்துத் தெருவுலேர்ந்தெல்லாம் வந்திருக்காங்க. சீக்கிரம் வந்துடுங்க!"

மேற்பார்வையாளர் போனை வைத்துவிட்டுப் புகையைக் கையால் விசிறினார். இத்தனை வருடமாகக் கட்டிக் காத்த பெயர். நாளைக்கு எந்த முகத்தோடு லிஃப்ட்டில் ஏறுவது? இதேபோல் இன்னொன்று கிடைத்தால் தப்பித்தோம், இல்லாவிட்டால் மானம் கப்பலேறிவிடும். டோஸ்டரைத் துணிப்பையில் திணித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த மின்சாதனக் கடைக்கு ஓடினார். செருப்பு ஜோடி மாறியிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

கடைக்காரர் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு நுரைக்குமிழி மெதுவாக மேலே வந்து உடைந்தது.

"யாரு சார் இதை இந்தக் கதி பண்ணது?"

"எங்க வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருந்தாரு," என்று கூசாமல் பொய் சொன்னார் மேற்பார்வையாளர். "ரிப்பேர்லாம் வேணாம். அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு குடுங்க. இதே கலர், இதே மாடல்."

"இந்த மாடல் நின்னு வருஷக்கணக்கா ஆச்சே சார்."

மேற்பார்வையாளர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரருக்குப் பாவமாகப் போயிற்று. "உள்ள ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஆனா குடுக்க முடியாது. ஒரு அம்மாவுக்காக அப்பவே மொத்தமா எடுத்து வச்சதுல மிச்சம்."

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! என் மானமே அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. அந்தம்மாவுக்கு வேற நல்லதாக் குடுங்க. புதுசா, பெரிசா. அவங்களுக்கு எந்த டோஸ்டரா இருந்தா என்ன?"

கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அதெப்படி சார் முடியும்? நர்ஸம்மா, அவங்க வீட்டுக்காரர் வருஷா வருஷம் சர்வீஸ் பண்ற அன்னிக்கு, டியூட்டி முடிஞ்ச கையோட இங்க வந்து அவருக்குத் தெரியாம இதையேதான் வாங்கிட்டுப் போவாங்க, இதோட பன்னெண்டாச்சு!"